வேலைக்குச் செல்லும்போது நமது உடை: கேட்க வேண்டிய ஒரு கேள்வி



ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வரும்போது நம்மை நிறுத்திப் பேசும் பெற்றோர்கள் முன்பெல்லாம் நிக்காஹ், ஜகாத், வாரிசுரிமை பற்றிக் கேட்பார்கள். இப்போது அந்தப் பட்டியலில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. "ஹஜ்ரத், பிள்ளைக்கு வேலை கிடைச்சிருக்கு. ஆனா உடை விஷயத்துல என்ன செய்யறதுன்னு தெரியல" என்கிறார்கள்.

சென்ற ஆண்டு முத்தியால்பேட்டையைச் சேர்ந்த ஒரு தகப்பனார் மகளுடன் வந்தார். பி.காம் முடித்த பெண். ஒரு தனியார் நிறுவனத்தில் நேர்காணலில் தேறிவிட்டாள். பணியில் சேரும் நாளைச் சொல்லத் தொலைபேசியில் அழைத்தவர், "ஸ்கார்ஃப் எல்லாம் இங்கே வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டார். "வேலையே வேண்டாம், வீட்டில் இரு" என்பது தகப்பனாரின் முடிவு. பெண் ஒன்றும் பேசவில்லை. கண்கள் மட்டும் கலங்கியிருந்தன.

நாம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டோம். "அதை எழுத்தில் கொடுத்தார்களா?"

அந்தக் கேள்வியின் முக்கியத்துவத்தை விளக்கவே இக்கட்டுரை. அதை நமக்குக் கற்றுத் தந்த நிகழ்ச்சி நடந்ததும் இதே புதுச்சேரியில்தான்.

1873: காலணி அணிந்து வந்த வழக்கறிஞர்

புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலம். பொன்னுத்தம்பி பிள்ளை என்ற தமிழர் இங்குள்ள நீதிமன்றத்தில் வழக்காடி வந்தார். உள்ளூர் மக்கள் வெள்ளைக்கார அதிகாரிகளின் முன்னால் செல்லும்போது காலணியைக் கழற்றிவிட்டுச் செல்ல வேண்டும் என்பது அன்றைய வழக்கம். ஐரோப்பியர் ஷூ அணிந்தபடியே உள்ளே போகலாம். அதே நீதிமன்றத்தில் அதே வேலையைச் செய்யும் தமிழர் போகக்கூடாது.

1873ஆம் ஆண்டு பொன்னுத்தம்பி பிள்ளை ஐரோப்பிய முறையில் காலுறையும் ஷூவும் அணிந்து நீதிமன்றத்துக்குள் நுழைந்தார். நீதிபதி அதை அவமரியாதையாகக் கருதி அவர்மீது நடவடிக்கை எடுத்தார். பொன்னுத்தம்பி பிள்ளை கூச்சலிடவில்லை, தொழிலை விட்டுவிட்டு வீட்டில் உட்காரவும் இல்லை. பாரிஸில் உள்ள உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமான 'கூர் தெ கசாசியோன்' வரை வழக்கைக் கொண்டு போனார். அங்கே அவருக்காக வாதாடியவர் ழூல் கோதேன் என்ற பிரெஞ்சு வழக்கறிஞர். பின்னாளில் பிரெஞ்சிந்தியாவின் பிரதிநிதியாகப் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் அமர்ந்தவர். வழக்கில் பொன்னுத்தம்பி பிள்ளை வென்றார். பின்னர் அவர் 'லப்போர்த்' என்ற பெயரை ஏற்றார். அந்தப் பெயரில் நம் நகரில் இன்றும் ஒரு வீதி இருக்கிறது. அதன் வழியே போய்வரும் பலருக்கு அது ஒரு ஜோடி ஷூவுக்காகப் போராடியவரின் பெயர் என்பது தெரியாது.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காலணியைக் கழற்றுவது இழிவான செயல் அல்ல. நாம் தினமும் ஐந்து வேளை பள்ளிவாசல் வாசலில் கழற்றுகிறோம். முதலாளியும் தொழிலாளியும் ஒரே இடத்தில் கழற்றுகிறார்கள். அதனால் அது மரியாதை. ஒருவர் அணியலாம், இன்னொருவர் பிறப்பின் காரணமாக அணியக்கூடாது என்னும்போது அதே செயல் அவமதிப்பாகிவிடுகிறது. ஆகவே உடை விதி ஒன்றைப் பார்க்கும்போது, அது என்ன சொல்கிறது என்பதோடு, எல்லோருக்கும் ஒன்றாகச் சொல்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மார்க்கம் தரும் அளவுகோல்

உடை பற்றி நம் மார்க்கம் வலியுறுத்துபவை சிலவே. மறைக்க வேண்டிய உடற்பகுதிகள் மறைய வேண்டும். உடல் தெரியும்படி மெல்லியதாகவோ இறுக்கமாகவோ இருக்கக்கூடாது. சுத்தமாக இருக்க வேண்டும். பெருமைக்காக அணியக்கூடாது. இந்த எல்லைக்குள் எந்த நாட்டு உடையும் ஆகும். பேண்ட் சட்டையும் ஆகும், வேட்டியும் ஆகும், கைலியும் ஆகும், சல்வாரும் ஆகும். அரபு நாட்டு உடைதான் இஸ்லாமிய உடை என்ற எண்ணம் சரியல்ல.

ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு நபிமொழி உண்டு. பெருமை கொண்டவரைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தபோது ஒருவர், தம் ஆடையும் காலணியும் அழகாக இருக்க வேண்டும் என்று மனிதன் விரும்புகிறானே, அதுவும் பெருமையா என்று கேட்டார். அழகாக உடுத்துவதை நபியவர்கள் பெருமையாகக் கருதவில்லை. உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாகப் பார்ப்பதும்தான் பெருமை என்று விளக்கினார்கள். 1873இல் நம் ஊர் நீதிமன்றத்தில் பெருமை யாரிடம் இருந்தது என்பதை இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் புரியும். ஷூ அணிந்தவரிடம் அது இல்லை.

இதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. கசங்கிய சட்டையும் வியர்வை நாற்றமும் சீவாத தாடியுமாக நேர்காணலுக்குப் போய்விட்டு, "தாடி இருக்குன்னு வேலை கொடுக்கல" என்று சொல்லும் இளைஞர்களையும் நாம் பார்க்கிறோம். தாடியைச் சீவிச் சீராக வைப்பதும் சுன்னத்தான நடைமுறையே.

மூன்று வகை உடை விதிகள்

வேலையிடத்தில் சொல்லப்படும் உடை விதிகளை மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் குறையும்.

முதலாவது, உயிருக்கும் நலத்துக்கும் பாதுகாப்பான விதி. சேதராப்பட்டு, தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைகளில் இயந்திரத்தருகே நிற்பவருக்குத் தொங்கும் துப்பட்டாவும் தொளதொள ஜுப்பாவும் ஆபத்து. ஓடும் இயந்திரத்தைப் பராமரிப்பவர் இறுக்கமான உடை அணிய வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22ஆவது பிரிவே கூறியது. இதில் வாதம் வேண்டாம். ஊக்கு குத்திய, நுனி தொங்காத தலைமறைப்பு போன்ற மாற்று வழிகளைக் கேட்கலாம். இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் கிருமித் தொற்றைத் தடுக்க முழங்கைக்குக் கீழே கை திறந்திருக்க வேண்டும் என்ற விதி வந்தபோது முஸ்லிம் பெண் மருத்துவர்களுக்குச் சிரமம் ஏற்பட்டது. 2010இல் வந்த வழிகாட்டுதலில், ஒருமுறை பயன்படுத்தி எறியும் கையுறைச் சட்டைகளுக்கு இடம் தரப்பட்டது. பாதுகாப்பும் நின்றது, கண்ணியமும் நின்றது.

இரண்டாவது, சீருடை விதி. நம் புதுச்சேரிக் காவலரின் சிவப்புக் கெப்பியைத் தூரத்தில் பார்த்தவுடன் இவர் போலீஸ் என்று தெரிகிறது. செவிலியர், பேருந்து நடத்துநர், வங்கிக் காவலாளி எல்லோருக்கும் இது பொருந்தும். மக்கள் யாரிடம் உதவி கேட்பது என்று அறிய வேண்டும் என்பதே இதன் நோக்கம். சீருடையின் நிறத்திலேயே தலைமறைப்பு அணிந்தால் பெரும்பாலும் அந்த நோக்கம் கெடுவதில்லை.

மூன்றாவது, ரசனை விதி. "எங்கள் நிறுவனத்துக்கு ஒரு தோற்றம் இருக்கிறது", "வாடிக்கையாளருக்குப் பிடிக்காது" என்பவை இந்த வகை. பெரும்பாலான மனக்கசப்புகள் இங்கேதான் பிறக்கின்றன. அவை பெரும்பாலும் வாய்மொழியாகவே சொல்லப்படுகின்றன.

எழுத்தில் இருந்ததும் இல்லாததும்

பொன்னுத்தம்பி பிள்ளையின் வழக்குக்கு 144 ஆண்டுகள் கழித்து, 2017 நவம்பர் 22 அன்று, அதே கூர் தெ கசாசியோன் முன்பு இன்னோர் உடை வழக்கு வந்தது. பிரான்சில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய முஸ்லிம் பெண் பொறியாளர் ஹிஜாப் அணிந்து ஒரு வாடிக்கையாளரின் அலுவலகத்துக்குப் பணிக்குச் சென்றார். அடுத்த முறை முக்காடு வேண்டாம் என்று வாடிக்கையாளர் சொல்ல, நிறுவனமும் அதையே சொன்னது. அவர் மறுத்ததால் 2009இல் பணிநீக்கம் செய்யப்பட்டார். வாடிக்கையாளரின் விருப்பம் ஒன்றே இத்தகைய பணிநீக்கத்தை நியாயப்படுத்தாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2017 மார்ச் 14 அன்று கூறியது. நிறுவனத்தின் எழுத்து விதிகளில் அப்படி ஒரு விதியே இல்லை, வாய்மொழி உத்தரவு மட்டுமே இருந்தது என்பதைச் சுட்டிக்காட்டி, பணிநீக்கத்தைச் சரி என்ற கீழ்நீதிமன்றத் தீர்ப்பைப் பாரிஸ் நீதிமன்றம் ரத்து செய்தது.

புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிரான்சில் உறவினர் உள்ள குடும்பங்கள் பல. அவர்கள் இதன் மறுபக்கத்தையும் அறிந்திருக்க வேண்டும். பிரான்சில் அரசுப் பணியாளர்கள் பணி நேரத்தில் மத அடையாளம் அணியக்கூடாது. தனியார் நிறுவனங்களும் தங்கள் எழுத்து விதிகளில் நடுநிலை விதியைச் சேர்க்க 2016ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் நிபந்தனைகளுடன் வழி செய்திருக்கிறது. ஆகவே அங்கே வேலைக்குச் செல்பவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே அந்த விதிகளைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும்.

நம் நாட்டுக்கு வருவோம். மதுரையில் காவல்துறையில் பணியாற்றிய ஒரு முஸ்லிம் காவலர் 2018இல் விடுப்பு எடுத்து மக்கா சென்று திரும்பினார். காலில் ஏற்பட்ட நோய்த்தொற்றுக்காக விடுப்பை நீட்டிக்கக் கேட்டபோது அவருடைய தாடி கேள்விக்குள்ளானது. குற்றச்சாட்டு பதிவாகி, ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டது. 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தத் தண்டனையை ரத்து செய்து, மறுபரிசீலனைக்கு அனுப்பியது. அவருக்குத் துணை நின்றவற்றுள் ஒன்று, முஸ்லிம் காவலர்கள் சீரான தாடி வைக்க இடமளித்த 1957ஆம் ஆண்டின் மெட்ராஸ் போலீஸ் கெஜட் ஆணை. பல ஆண்டுகளுக்கு முன் யாரோ எழுத்தில் போட்டு வைத்த ஒரு விதி ஒரு குடும்பத்தின் ஊதியத்தைக் காப்பாற்ற உதவியது.

எழுத்து நமக்கு எதிராகவும் நிற்கும். விமானப்படையில் தாடி வைக்க அனுமதி கேட்ட முஸ்லிம் வீரர் ஒருவரின் வழக்கில், 2016 டிசம்பர் 15 அன்று உச்சநீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. படையின் ஒழுங்குக்காக எழுதப்பட்ட விதிகள் அங்கே தெளிவாக இருந்தன. சேரும்போது அவர் தாடி வைத்திருக்கவில்லை. இராணுவம், விமானப்படை போன்றவற்றில் சேர விரும்பும் நம் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொண்டே விண்ணப்பிக்க வேண்டும். சேர்ந்த பிறகு தெரிந்துகொள்வது அவர்களுக்கும் நல்லதல்ல, படைக்கும் நல்லதல்ல.

அமெரிக்காவிலிருந்து ஒரு வழக்கையும் சொல்ல வேண்டும். அபர்க்ராம்பி அண்ட் ஃபிட்ச் என்ற துணிக்கடை நிறுவனம் தன் ஊழியர்களுக்குத் 'தோற்ற விதி' ஒன்றை எழுதி வைத்திருந்தது. தொப்பி அணியக்கூடாது என்பது அதில் ஒன்று. 2008இல் ஓக்லஹோமா மாநிலத்தில் கறுப்புத் தலைமறைப்புடன் நேர்காணலுக்கு வந்த 17 வயதுப் பெண்ணுக்கு அந்த விதியின் பெயரால் வேலை மறுக்கப்பட்டது. அது மதக் காரணம் என்று அவர் சொல்லவில்லையே என்றது நிறுவனம். விலக்கு அளிப்பதைத் தவிர்க்கும் நோக்கத்தோடு வேலை மறுத்தால் அதுவே சட்டமீறல் என்று 2015 ஜூன் 1 அன்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 8க்கு 1 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அவர் வென்றார். ஆனால் ஏழு ஆண்டுகள் ஆயின.

நம் நாட்டுச் சட்ட நிலையை மிகைப்படுத்திச் சொல்லக்கூடாது. அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு தரும் மதச் சுதந்திரத்தை முதன்மையாக அரசிடம்தான் கேட்க முடியும். தனியார் நிறுவனத்திடம் அதை அப்படியே நீட்ட முடியாது. கர்நாடக ஹிஜாப் வழக்கில் 2022 அக்டோபரில் உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு வழங்கினர். அது மாணவர் சீருடை பற்றியது, பணியிடம் பற்றியது அல்ல. எனவே தனியார் வேலையில் நம் முதல் வழி வழக்காக இருக்க முடியாது. நேர்மையாக, முன்கூட்டியே, எழுத்தில் கேட்பதுதான் முதல் வழி.

எப்படிக் கேட்பது?

நேர்காணலுக்கு நீங்கள் வேலையில் எப்படி வருவீர்களோ அப்படியே செல்லுங்கள். அன்று மட்டும் முக்காட்டை எடுத்துவிட்டு, சேர்ந்த பிறகு அணிந்தால் ஏமாற்றியதாக நினைப்பார்கள். ஆண்கள் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, அடர்நிறப் பேண்ட், துடைத்த ஷூ அணிந்தால் போதும். பெண்களுக்குத் தளர்வான, ஒரே நிற உடையும் ஊக்கு குத்திய எளிய தலைமறைப்பும் நேர்த்தியாக இருக்கும். பளபளக்கும் கல் வேலைப்பாடு, கடும் வாசனை இரண்டையும் தவிர்க்கலாம்.

வேலை உறுதியான பிறகு நிறுவனத்தின் உடை விதிகளைக் கேட்டு வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் மின்னஞ்சலில் இப்படி எழுதலாம்:

"பணிநியமனக் கடிதம் கிடைத்தது, நன்றி. என் சமய நம்பிக்கையின்படி நான் தலைமறைப்பு அணிகிறேன். முகம் முழுவதும் தெரியும். நிறுவனத்தின் நிறத்திலோ வெற்று நிறத்திலோ அணிய எனக்கு விருப்பமே. உடை பற்றிய எழுத்து விதிகள் இருந்தால் அனுப்பி உதவுங்கள்."

இதில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. பதில் எப்படி வந்தாலும் அதைப் பத்திரமாக வையுங்கள்.

தோற்றத்தைச் சொல்லால் குறிப்பது

உடையோடு ஒட்டிய இன்னொரு விஷயம் நம் தோற்றத்தைப் பற்றி எழுதுவது. பள்ளி மாற்றுச் சான்றிதழில் 'அங்க அடையாளம்' என்ற இடத்தில் மச்சமோ தழும்போ குறித்திருப்பார்கள். விண்ணப்பங்களில் அதையே எழுதுங்கள். ஒன்றில் வலது கன்னம், இன்னொன்றில் இடது கன்னம் என்று இருந்தால் சரிபார்க்கும் நாளில் அலைய நேரிடும். உடையால் மறையும் இடத்தில் உள்ள அடையாளத்தை விட, முகத்திலோ கையிலோ உள்ளதைக் குறிப்பது நம் பெண்களுக்கு வசதி.

இந்தியக் கடவுச்சீட்டுக்கான புகைப்படத்தில் சமயக் காரணத்துக்காகத் தலையை மறைக்கலாம். ஆனால் தாடையின் கீழிருந்து நெற்றியின் மேல்வரையும் முகத்தின் இரு ஓரங்களும் தெளிவாகத் தெரிய வேண்டும். நீட் தேர்வுக்குச் சமய வழக்க உடையில் வருபவர்கள் சோதனைக்காக முன்னதாகவே வரவேண்டும் என்று தேர்வு அறிவிப்புகள் கூறுகின்றன. கடைசி நிமிடத்தில் ஓடி, வாசலில் நின்று அழுவதைத் தவிர்க்க அறிவிப்பில் சொன்ன நேரத்துக்கே போய்விடுங்கள்.

பிறர் தோற்றத்தைச் சொல்வதிலும் மார்க்கம் எல்லை வகுத்திருக்கிறது. பட்டப்பெயர் சூட்டி இழிவுபடுத்துவதை 'அல்ஹுஜுராத்' அத்தியாயத்தின் 11ஆவது வசனம் தடுக்கிறது. அதே நேரம் ஹதீஸ் அறிவிப்பாளர்களில் பார்வை மங்கியவர் என்ற பொருளில் 'அல்அஃமஷ்' என்றும், கால் ஊனமுற்றவர் என்ற பொருளில் 'அல்அஃரஜ்' என்றும் அறியப்பட்ட பெரியோர்கள் இருக்கிறார்கள். ஒருவரை அடையாளம் காட்டுவதற்காக, இழிவு நோக்கமின்றி இப்படிச் சொல்வது ஆகும் என்று இமாம் நவவி (ரஹ்) போன்ற அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். அடையாளம் காட்டுவது வேறு, மட்டம் தட்டுவது வேறு.

இந்தக் கணக்கில் நாமும் பதில் சொல்ல வேண்டியவர்கள். பெண் பார்க்கும்போது "நிறம் கொஞ்சம் கம்மி" என்கிறோம். கடைக்கு ஆள் தேடும்போது "பார்க்க லட்சணமா இருக்கணும்" என்கிறோம். முக்காட்டைப் பார்த்து வேலை மறுக்கும் முதலாளியிடம் நாம் காணும் குறை, நிறத்தைப் பார்த்துச் சம்பந்தம் மறுக்கும் நம் வீட்டுக் கூடத்திலும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வோம்.

அந்தப் பெண்ணின் கதை

முதலில் சொன்ன பெண்ணின் நியமனக் கடிதத்தை வாங்கிப் படித்தோம். உடை பற்றி அதில் ஒரே ஒரு வரி இருந்தது. சுத்தமான, கண்ணியமான அலுவலக உடை அணிய வேண்டும் என்பதே அது. ஸ்கார்ஃப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தகப்பனாரின் சம்மதத்தோடு அந்தப் பெண்ணே மின்னஞ்சல் எழுதினாள். நான்கு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் வந்த பதிலில், வெற்று நிறத்தில் அணிந்து வரலாம் என்று இருந்தது. தொலைபேசியில் பேசியவர் சொன்னது அவருடைய சொந்த அபிப்பிராயம்.

எல்லோருக்கும் இப்படி முடியும் என்று நாம் வாக்களிக்க முடியாது. மறுப்பும் வரலாம். வந்தால், எது வந்தது என்று தெரிந்து முடிவெடுக்கலாம். கேட்காமலே நம் பிள்ளைகளின் வாசலை நாமே மூடிவிடக்கூடாது. பொன்னுத்தம்பி பிள்ளை அன்று வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டிருந்தால், கழற்ற வேண்டும் என்பது இன்னும் பல ஆண்டுகள் விதியாகவே இருந்திருக்கும்.

நம் பிள்ளைகளுக்கு ஹலாலான வருமானத்தையும், கண்ணியம் குறையாத வேலையையும், பிறரை இழிவாகப் பார்க்காத உள்ளத்தையும் அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.